மனிதக் கண் பட்ட பிறகு

கதவு உடைந்து விழுந்ததும் கேமரா ஒரு கணம் தரையைத்தான் காட்டும். உதைத்த உடைப்புப் படைக்காரன் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமரா அது. உதைத்த வேகத்தில் அவன் முன்னால் சாய்வான். ஆகவே எந்த வீடானாலும் முதலில் தெரிவது வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். பெரிசு, சிறிசு, வார் அறுந்து ஊக்கு குத்தியது. அதைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டா இல்லையா என்று எக்ஸ்ரே அக்கா சொல்லிவிடுவாள். அதற்கப்புறம்தான் அடி விழும்.

அடியை அவள் பார்த்தே ஆக வேண்டும். சட்டம் அப்படி. இந்த ஆள்தான், சரி என்று விசையை யார் அழுத்தினார்களோ அவர்கள் திரையில், அழுத்தியதன் விளைவு ஓட வேண்டும். அப்போதுதான் பொறுப்பு உறைக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். முதல் வாரம் உறைக்கத்தான் செய்தது. அந்த அறையில் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். பிறகு அடி ஓடும்போதே டீ குடிக்கப் பழகிவிட்டார்கள். மனுஷ வயிறு எதற்கும் பழகும், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் எல்லா நாடும் செயற்கை அறிவுக்குச் சட்டம் போடுகிறது, நாம் மட்டும் வெறுங்கையோடு நின்றால் கடன் கொடுப்பவன் மதிப்பானா என்று அமைச்சர்களுக்குக் கவலை வந்தது. ஒரு குழு குளிர்நாடுகளுக்குப் போய், ஆளுக்கொரு கம்பளிக் கோட்டும் ஒரு தடித்த சட்டப் புத்தகமும் வாங்கிக்கொண்டு வந்தது. புத்தகத்தை ஈயடிச்சான் காப்பி அடிக்கத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அதில் தனி நீதிமன்றம் வேண்டும், மேல்முறையீடு வேண்டும், இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்கெல்லாம் ஆளும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் மிஞ்சியது, ஒரு நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார வேண்டும் என்ற ஒரே பிரிவு. நாற்காலி நம்மிடம் உண்டல்லவா.

அந்தப் பிரிவைத்தான் அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: மனிதக் கண் படாமல் மனிதர் மேல் கை படலாகாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தை அதைச் செய்த கம்பெனி இலவசமாகவே கொடுத்தது; பதிலுக்கு நாட்டில் உள்ள அத்தனை பேர் முகத்தையும் வாங்கிக்கொண்டது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்களே, அது இதுதான்.

கண்களுக்குச் சொந்தக்காரர்கள் போலீசாக இருக்கக் கூடாது, பொதுமக்களாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அப்படித்தான் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள் இங்கே வந்தாள். அவளுக்கு வலப்பக்க நாற்காலியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கேஷியர். எதிரில் குட்டி டீச்சர். பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், இன்னும் குரல் பாட்டு மாதிரியே இருக்கும். இன்னும் பலர். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முடிவு சொல்பவர் யாரென்று வெளியே தெரியக் கூடாதாம்.

வேலை சுலபம். திரையில் இடப்பக்கம் தெருக் கேமரா பிடித்த முகம், வலப்பக்கம் அடையாள அட்டை முகம். இரண்டும் ஒன்று என்று இயந்திரம் முடிவு கட்டியிருக்கும். இயந்திரத்துக்கு அந்த அறை வைத்த பெயர் மாமியார். யாரைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிப்பதால் கேஷியர்தான் அந்தப் பெயர் வைத்தார், சிரிக்காமல். மேசைமேல் சின்னப் பலகை. கைக்குப் பக்கத்தில் பெரிய பச்சை விசை, சரி. அதைத் தாண்டி, கையை நீட்டினால்தான் எட்டும் தூரத்தில், சின்னச் சிவப்பு விசை, இல்லை. மேலே மூலையில் மஞ்சள் விசை, உறவு.

இல்லை என்று அழுத்த யாருக்கும் துணிச்சல் கிடையாது. சரி என்று அழுத்தி ஆள் தவறாகிவிட்டால் அது இயந்திரத்தின் பிழை. யாரையும் கேள்வி கேட்க முடியாது. இல்லை என்று அழுத்தி, அந்த ஆள் நாளைக்கு யாரையாவது குத்திவிட்டால், அழுத்தியவரும் கூட்டாளி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். முன்பு தபால்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு பையனுக்கு இல்லை என்று அழுத்தினார். அந்தப் பையன் பிறகு குடித்துவிட்டு எவனையோ பாட்டிலால் கீறினான். ஒரு நாள் காலையில் உடைப்புப் படை தபால்காரர் வீட்டுக் கதவை உடைத்தது. அதை அறையில் எல்லாத் திரையிலும் ஓடவிட்டார்கள். அவருடைய இரண்டு முழங்காலும் மடியக் கூடாத பக்கமாக மடிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து சிவப்பு விசைமேல் தூசி படிந்துவிட்டது.

உறவு விசை வேறு. திரையில் தெரிவது சொந்தக்காரர், தெரிந்தவர் என்றால் அதை அழுத்த வேண்டும்; முகம் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும். வேண்டியவருக்குச் சலுகை காட்டக் கூடாதே. ஒரு முகத்தைப் பற்றி அறையில் யாரும் வாய் திறக்கவும் கூடாது. கூரையில் மைக் ஓடிக்கொண்டேயிருக்கும், பேசினால் குற்றம். எக்ஸ்ரே அக்காவுக்கு இந்த ஒரு விதிமேல் மட்டும் பெரிய மரியாதை இருந்தது. மற்றதெல்லாம் கண்துடைப்பாக இருந்தாலும் இது நியாயம் என்று சாப்பிடும்போது தம்பியிடம் சொல்வாள்.

தம்பி டைல்ஸ் போடுகிறவன். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், இவன் ஒரு ஆளாகட்டும் என்று தள்ளிப் போட்டு, அவன் ஆளானபோது அவளைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. அதற்காக அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. அவன் வாய்தான் கொஞ்சம் நீளம்.

"அப்ப தெரிஞ்சவங்க வாயை மூடிக்கணும், தெரியாதவங்க தீர்ப்பு சொல்லணும். அப்படித்தானேக்கா?" என்பான்.

"சோத்தைத் தின்னுட்டு எந்திரிடா," என்பாள்.

கிடங்குத் தெருவில் கலவரம் நடந்த மறுநாள் அறையே கொதித்தது. சம்பளம் கேட்டு நின்ற கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டிருக்கிறது. கூட்டம் ஒரு போலீஸ் வண்டியைக் கவிழ்த்துத் தீ வைத்திருக்கிறது. உள்ளே சிக்கிய காவலர் ஒருவர், கண்ணாடியைத் தட்டித் தட்டி, தட்டின கை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு எரிந்துபோனார். அந்தப் படத்தைக் காலையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார் சூப்பர்வைசர்.

"இன்னிக்கு வர்றது எல்லாம் சிவப்பு வகை. படை தெருவுலேயே வண்டியோட நிக்குது. நீங்க அழுத்தின அடுத்த நிமிஷம் உள்ள போவாங்க. யோசிக்கிற நாள் இல்ல இது, புரியுதா?" என்றார்.

புரிந்தது. சிவப்பு வகை என்றால் கைது மட்டும் அல்ல. எதிர்க்கவிடாதபடி செய்துவிட்டுக் கைது. எதிர்க்கவிடாதபடி என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. படை தன் கைப்பட விளக்கம் எழுதிக்கொண்டது. குட்டி டீச்சர் திரையில் ஒரு மீசைக்காரனை மாடியிலிருந்து தூக்கிப் போட்டார்கள். கேஷியர் திரையில் ஒருவன் பல்லைத் துப்பிக்கொண்டே கும்பிட்டான். கும்பிட்ட கைமேல் பூட்ஸ் இறங்கியது. எக்ஸ்ரே அக்கா அழுத்திய முகம் ஒரு பெண். அவள் தலைமுடியைக் கதவுக் கைப்பிடியில் சுற்றிக் கதவை இழுத்தார்கள். எக்ஸ்ரே அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள். பழக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு.

அடுத்த முகம் வந்தது. இடப்பக்கம், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிய ஒருவன், கையில் எரியும் பாட்டில். கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. வலது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு கோடு. வலப்பக்கம் அடையாள அட்டையில் அவள் தம்பி. டைல்ஸ் துண்டு தெறித்து வலது புருவத்தில் விழுந்த தழும்போடு, ஃபோட்டோ எடுப்பவனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

கை தானாகப் போய் உறவு விசையை அழுத்திவிட்டது. இத்தனை நாள் பழக்கம் அது. படம் அவள் திரையிலிருந்து மறைந்து கேஷியர் திரைக்குப் போன பிறகுதான் புத்தி விழித்தது.

படத்தில் இருந்த நேரம் நேற்றுச் சாயங்காலம். நேற்றுச் சாயங்காலம் தம்பி எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தான். சிமெண்டு குழைத்து எடுத்துக்கொடுத்தவள் அவள். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டதும், "யார் வீட்டுக் கல்யாணம்க்கா?" என்று தொட்டிக்குள்ளிருந்து அவன் கேட்டது இன்னும் காதில் இருந்தது. உலகத்தில் இதை அறிந்த ஒரே சாட்சி, ஒரு விசையை அழுத்தித் தன்னையே வெளியே அனுப்பிக்கொண்டாள்.

ஃபோன் வாசலில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. கதவில் காவலாளி. அவள் கேஷியர் பக்கம் திரும்பினாள்.

"கேஷியர் சார். அது என் தம்பி."

அறையில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

"நேத்து சாயங்காலம் அவன் எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள நின்னுட்டிருந்தான் சார். நான் பக்கத்துல இருந்தேன். அந்தப் புருவத்துல இருக்கிறது தழும்பு இல்ல, வேர்வை வழிஞ்சு புழுதியில கோடு விழுந்திருக்கு. உத்துப் பாருங்க."

"அக்கா, வாயை மூடுங்க. மைக் ஓடுது," என்றார் சூப்பர்வைசர், எழுந்துகொண்டே.

"ஓடட்டும். சார், என்னைப் பாருங்க சார். ஒரு வார்த்தை சொல்லுங்க."

கேஷியர் அவளைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். கல்லுமாதிரி திரையைப் பார்த்தபடி இருந்தார். திரைக்கடியில் நீலக் கோடு ஒன்று தேய்ந்துகொண்டே வந்தது. பார்த்து முடிவு சொல்லக் கொடுத்த நேரம் அது. அவர் ஒருமுறைகூட இல்லை என்று அழுத்தி அவள் பார்த்ததில்லை. அவர் மட்டும் என்ன, அவளும் அழுத்தியதில்லை. கேஷியரின் வலது கை மெதுவாக எழும்பிப் பலகைமேல் போயிற்று. ஆள்காட்டி விரல் பச்சை விசைக்கு மேலே வந்தது.

அவள் பாய்ந்தாள். நாற்காலி பின்னால் போய் விழுந்தது. அந்த விரலை முஷ்டிக்குள் பிடித்துப் புறங்கைப் பக்கமாக மடக்கினாள். எலும்பைப் பற்றித் தெரிந்தவள் அல்லவா, எந்தக் கணுவில் மடக்கினால் உடையும் என்று கைக்கே தெரிந்திருந்தது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. கேஷியர் அலறினார். இடது கையை நீட்டினார். அதைப் பல்லால் கவ்வினாள். வாயெல்லாம் ரத்த ருசி. அவர் முழங்கை அவள் கன்னத்தில் இறங்கியது. அவர் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் நொறுங்கியது. காவலாளியின் தடி முதுகில் விழுந்தபோது வலி தெரியவில்லை. இரண்டாவது அடி விலாவில் விழுந்தபோது, எந்த எலும்பு என்று மட்டும் தெரிந்தது. குட்டி டீச்சர் மேசைக்கடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"விடும்மா, விடு, நான் சொல்றதை..." என்றார் கேஷியர்.

விடவில்லை. விடுவாளா? பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வயர் அறுந்து வந்தது. அதைச் சுவரில் ஓங்கி அடித்தாள். விசைகள் உதிர்ந்து தரையெல்லாம் உருண்டன. இனி எவன் அழுத்துவான், எதை அழுத்துவான்? சிரித்தேவிட்டாள். தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்தக் கணத்தில் அவள் மனசார நம்பினாள்.

நீலக் கோடு தேய்ந்து முடிந்தது. திரை பச்சையானது. நடுவில் ஒரே சொல்: ஒப்புதல்.

அப்படி ஒரு விதி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் வாசித்துக் காட்டினார்கள். மனிதர் ஒருவர் பார்த்தும் மறுப்புச் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மௌனம் சம்மதம் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே என்று சட்டமன்றத்தில் ஒரு அமைச்சர் எழுந்து சொல்ல, மேசையைத் தட்டி வரவேற்று அதைச் சேர்த்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் தலைகுனிந்து நிற்கிறவளுக்குச் சொன்னதைக் கொண்டுவந்து தடியோடு நிற்கிறவனுக்குச் சட்டமாக்கினார்கள். கோடு தேயும்வரை அந்த அறையில் யாரும் காத்திருந்ததில்லை. அதனால் அது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

காவலாளி அவளைக் குப்புறத் தள்ளி முட்டியைப் பிடரியில் வைத்து அழுத்தினான். கேஷியரின் திரை மேசை ஓரத்தில் சரிந்து, தரையில் கிடந்த அவள் முகத்துக்கு நேராகத் தொங்கியது. அதில் விளைவு ஓட ஆரம்பித்தது.

கதவு உடையவில்லை. புதிதாகக் கட்டும் வீடு அது, கதவே இன்னும் வைக்கவில்லை. ஒரு குளியலறையில் தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து வெள்ளை டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்தபடி திரும்பி, "மிதிச்சுடாதீங்க சார், இன்னும் ஈரமா இருக்கு," என்றான்.

முதல் அடி வாயில் விழுந்தது. இரும்புக் குழாய். அவன் கையைத் தூக்கினான். கையில் கரண்டி இருந்தது. சிமெண்டு பூசுகிற கரண்டி. "ஆயுதம், ஆயுதம்," என்று யாரோ கத்தினார்கள். கத்தியவன் குரலில் பயம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நேற்று எரிந்தவர் அவர்களுடைய ஆள். மூன்று நான்கு பூட்ஸ்கள் ஒன்றாக இறங்கின. அவனைக் குப்புறப் போட்டு, இரண்டு கையையும் முன்னால் இழுத்து, அவன் பதித்த டைல்ஸ் மேலேயே விரித்து வைத்தார்கள். அவன் சுத்தியலையே எடுத்தார்கள்.

"இதாலதானேடா எறிஞ்ச?" என்றான் ஒருவன். ஒவ்வொரு விரலாக அடித்தான். வலது கை முடிந்து இடது கை. டைல்ஸும் சேர்ந்து உடைந்தது.

"நான் இல்லீங்க, எங்கக்காவைக் கேளுங்க, எங்கக்கா உங்க ஆபீஸ்லதான் இருக்கு, எங்கக்காவைக் கேளுங்க," என்று அவன் கத்தினான்.

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாய் தரையோடு அழுந்திக் கிடந்தது. குழாய் இன்னொரு முறை ஓங்கி அவன் இடது கண்மேல் இறங்கியது. அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து பூட்ஸைக் கழுவினார்கள்.

எக்ஸ்ரே அக்காவை நாலு நாள் அடைத்து வைத்து ஜாமீனில் விட்டார்கள். அதற்குள் பாட்டில் எறிந்தவன் வேறொரு ஊரில் அகப்பட்டான். புருவத்தில் தழும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பியை மருத்துவமனையில் போட்டிருந்தார்கள், அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனை. பழைய சிநேகிதி ஒருத்தி அவன் கைகளின் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். உடைந்த எலும்பை எக்ஸ்ரே அக்கா ஆயிரம் பார்த்திருக்கிறாள். இது உடைந்தது அல்ல, பொடித்தது. இந்தக் கை இனிமேல் கரண்டி பிடிக்காது. சோற்றை உருட்டி வாயில் வைத்துக்கொள்ளவும் செய்யாது.

விசாரணை அதிகாரி ஒருவர் வார்டுக்கே வந்தார். நல்ல மனிதர், கையில் ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். பல் இல்லாதவனுக்கு ஆப்பிள்.

"ஒவ்வொரு படியாப் பார்த்துட்டேம்மா. இயந்திரம் சொல்லிச்சு. நீங்க உறவுன்னு ஒதுங்கிட்டீங்க, அது சரி. இன்னொருத்தர் பார்த்தார். அவர் மறுக்கல. சட்டம் ஒழுங்காத்தான் நடந்திருக்கு. வெளிநாட்டுக்காரங்ககூட நம்ம சட்டத்தைப் பாராட்டறாங்க," என்றார்.

"என் தம்பி கை?"

"அது வருத்தமான விஷயம்தான். அறிக்கையில ஒரு பரிந்துரை எழுதியிருக்கேன்." பெருமையாகவே சொன்னார். "இனிமே அந்தப் பலகையெல்லாம் மேசையோட சேர்த்துத் திருகி வைக்கணும்னு."

அவள் ஆப்பிள் பையை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வாசலில் நின்ற காவலர் அவள் அடிபட்ட விலாவிலேயே குத்தினார். அதோடு அவள்மேல் இன்னொரு வழக்குச் சேர்ந்தது.

மறுநாள் மத்தியானம் கேஷியர் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் பல் தடம் கறுத்திருந்தது. புதுக் கண்ணாடி. வார்டு வாசலிலேயே தயங்கி நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"இன்னொரு கையும் ஒடியணுமா சார்?" என்றாள்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நான் சிவப்புக்குத்தாம்மா கை நீட்டினேன்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அது தள்ளி இருக்கு இல்லையா. பச்சையைத் தாண்டித்தான் போகணும். நீ உக்காந்திருந்த பக்கத்துலேர்ந்து பார்த்தா பச்சைக்குப் போற மாதிரிதான் தெரியும்."

"பொய் சொல்லாதீங்க சார்."

"இந்த வயசுல உன்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? தபால்காரர் முட்டியை நினைச்சுக்கிட்டேதாம்மா கையைத் தூக்கினேன். கண்ணாடியைத் துடைச்சேனே, அழுக்குன்னா துடைச்சேன்? தைரியம் வரணும்ல."

"அப்படீன்னா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். சரிம்மான்னு ஒரு வார்த்தை."

"உனக்குப் பதில் பேசினா நான் உன் பேச்சைக் கேட்டு முடிவெடுத்ததா ஆயிடும். நான் இல்லைன்னு அழுத்தினது செல்லாது, படம் அடுத்த சீட்டுக்குப் போயிடும். உன் தம்பிக்காகத்தாம்மா பேசாம இருந்தேன்."

கேஷியர் போன பிறகும் அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. சுவரில் தலையை மோத வேண்டும் போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடித் தேடி, ஒவ்வொரு முறையும் தன் கையில் வந்து முடிந்தது. அந்த விரலின் கணு இன்னும் அவள் முஷ்டிக்குள்ளேயே இருந்தது.

"அக்கா."

தம்பி விழித்திருந்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பேச்சு குழறியது. மிச்சமிருந்த கண் அவளைத் தேடியது. இரண்டு கையும் இரண்டு தலையணை மாதிரி கட்டுக்குள் கிடந்தன.

"யாருக்கா அழுத்தினது?"

யாரையாவது கைகாட்டியிருக்கலாம். இயந்திரம் என்றிருக்கலாம், அமைச்சர் என்றிருக்கலாம். இரண்டும் பொய் இல்லை. வளர்த்த பிள்ளையிடம் பாதி உண்மை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"யாரும் அழுத்தலடா. கேஷியர் இல்லைன்னு அழுத்த வந்தாரு. சரின்னு அழுத்த வர்றாருன்னு நினைச்சு, நான்தான் அவர் விரலை ஒடிச்சேன். நேரம் முடிஞ்சுபோச்சு."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அவரு தினம் உன் பக்கத்துலதானேக்கா உக்காந்திருந்தாரு?"

"ஆமாடா."

"இத்தனை நாள் பக்கத்துல இருந்தவரு எப்படிப்பட்ட மனுஷன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

அவள் பதில் தேடினாள். அவருக்குச் சர்க்கரை இல்லாத டீதான் பிடிக்கும் என்று தெரியும். மாமியார் என்று பெயர் வைத்தவர் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், முடிவு கட்டினாள், அடித்தாள்.

"தெரியாதுடா," என்றாள்.

தம்பி அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டான்.